மாஸ்ரர் வாசிக்காத மூன்றாவது வரி

இப்போது கைபேசியில் விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பெருவிரலால் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். எதையோ சுடுகிறார்கள். செத்துப்போகிறார்கள், உடனே எழும்புகிறார்கள், திரும்பவும் சுடுகிறார்கள். இதற்கு மூளை எதற்கு? விரலே போதும். தப்பித்தவறி மூளை தேவைப்படுகிற விளையாட்டு ஒன்று அகப்பட்டால் அதற்கும் விடையை இன்ரநெற்றில் பார்த்துவிடுகிறார்கள். பார்த்துவிட்டு "முடிச்சிட்டன்" என்று சொல்ல வெட்கமும் இல்லை. அடுத்தவன் பிடித்த மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற ஆட்கள்.

நான் ஒரு விளையாட்டை முடிக்க இரண்டு வருடம் எடுத்தேன். யாரிடமும் விடை கேட்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அப்பு கடலுக்குப் போனவர், நானும் போனேன், ஆனால் எனக்கு மீனைவிட எஞ்சின்தான் பிடித்தது. எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றினேன், பார்த்தேன், பூட்டினேன். சண்டையால் இடம்பெயர்ந்து அலைந்துவிட்டு ஊர்காவற்றுறைக்குத் திரும்பியபோது என்னிடம் நட்டுக் கழற்றுகிற சாவிகள் ஒரு பெட்டியும் ஒரு சுத்தியலும்தான் இருந்தன. நாலைந்து வருடத்தில் இரண்டு கதவு வைத்த பட்டறை போட்டேன். அனலைதீவிலிருந்தும் படகில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பி நின்றுவிட்டால் அவர்களும் என்னிடம்தான் வரவேண்டும். வந்தார்கள்.

சமாதான காலம் என்று சொன்ன அந்த வருடங்களில் தெற்கிலிருந்து வருகிற தரைப்பாதை திறந்தது. வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஊர் பார்க்க வந்தார்கள். பாரிசிலிருந்து என் தம்பியும் வந்தான். வந்தவன் தான் பாவித்த பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். "அண்ணை, உங்கட பட்டறைக் கணக்கை இனி இதில எழுதுங்கோ" என்றான். என் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது, அதற்கு மின்சாரம் தேவையில்லை என்று சொன்னேன். என்றாலும் பெட்டியை வாங்கி வைத்தேன்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் உள்ள வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முன் அறையில் வைத்து, பின்னல் வேலை செய்த துணியால் மூடி, அதற்கு மேல் பிளாஸ்ரிக் பூ வைத்திருப்பார்கள். வந்தவர்களுக்குத் துணியைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப மூடுவார்கள். ஓரிடத்தில் வகுப்பும் நடந்தது. மூன்று மாதம் கரும்பலகையில் கொம்பியூட்டரின் படம் கீறி அதன் உறுப்புகளின் பெயரைப் பாடமாக்கினார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். என்னுடையது பட்டறையில், எண்ணெய் பிடித்த மேசையில், என் ஜெனரேற்றரில் ஓடியது. முதல் கிழமையே மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். காற்றாடி ஒன்று, தூசி ஒரு பிடி. தூசியை ஊதிவிட்டுப் பூட்டினேன்.

தம்பி கொண்டுவந்த பெட்டிக்குள் மூன்று சிடிக்களும் கிடந்தன. ஒன்று பாட்டு. ஒன்று சுடுகிற விளையாட்டு. சுடுகிறதைப் பார்க்க எனக்குக் கொம்பியூட்டர் தேவையில்லை, அதை எடுத்துக் கொய்யா மரத்தில் காகம் கலைக்கக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாவதுதான் என் விளையாட்டு.

அதில் ஒரு தபால்காரி. சிவப்புப் பை ஒன்றைத் தோளில் போட்டிருப்பாள். ஒரு துறைமுக ஊர், நல்ல வடிவாய்க் கீறியிருந்தான் யாரோ ஒருவன். கல் வீடுகள், ஒரு கிணறு, ஒரு பாண் கடை, துறையில் ஒரு படகு, கடலுக்கு அப்பால் ஒரு வெளிச்சவீடு. அவளிடம் மிச்சமாக ஒரே ஒரு கடிதம். அதை வெளிச்சவீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் கதை. சூடு இல்லை, அடிபிடி இல்லை, ஓட்டம் இல்லை. அம்புக்குறியைக் கொண்டுபோய் ஒரு பொருளின் மேல் வைத்து மவுஸை அழுத்தினால் அவள் நடந்து போவாள். எடுக்கக்கூடியது என்றால் எடுத்துப் பைக்குள் போடுவாள். பைக்குள் இருக்கிறதை வேறொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். தூண்டிலைக் கயிற்றோடு சேர்க்கலாம், கயிற்றைக் கிணற்றுக்குள் விடலாம். பிழையாகச் செய்தால் தோளை ஒருதரம் உயர்த்தி இறக்கிவிட்டு நிற்பாள். கோபிக்கமாட்டாள், சாகமாட்டாள், அவசரப்படுத்தமாட்டாள். நீ யோசிக்கும்வரைக்கும் நிற்பாள்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. நின்றுபோன எஞ்சின் முன்னால் நான் நிற்பதும் இப்படித்தான். என்ன இருக்கிறது, எது எதோடு சேரும், எதை முதலில் கழற்றவேண்டும். இந்த விளையாட்டுச் செய்தவன் எவனோ, அவன் கட்டாயம் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன்.

ஆனால் எழுத்தெல்லாம் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் ஓடாது. எஞ்சினில் உள்ள எண்களும் கொம்பனிப் பெயரும் கண்டால் தெரியும், அது வாசிப்பு இல்லை. ஆட்டத்தை இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கலாம் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முதலிலிருந்து தொடங்குவேன். குடையை எடு, கம்பியை வளை, தூண்டிலைக் கட்டு, கிணற்றுக்குள் கிடக்கிற கதவுத் திறப்பைத் தூக்கு. செபமாலை சொல்லுகிற மாதிரி வரிசை தப்பாமல் நாலு மாதம் செய்தேன். பாதி ஊரை அப்படியே திறந்தேன். இப்போதுள்ள கெட்டிக்காரர் யாராவது வாசிக்காமல் அவ்வளவு தூரம் போவார்களா?

அதற்குப் பிறகு ஏலாமல் போய்விட்டது. ஊர் ஆட்கள் எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதைக்குக் கதை பதில் தெரிவு செய்யவேண்டும்.

அப்போதுதான் மாஸ்ரர் வந்தார். புளியங்கூடல் பக்கம், நிலம் உள்ள குடும்பம், ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, மகள் கனடாவில். வெங்காயத்துக்கு நீர் இறைக்கிற பம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நான் பம்பியைக் கழற்ற, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பார்த்தவர் ஒரு வரியை உரத்து வாசித்துவிட்டார். வாத்தியார்மாரால் எழுத்தைக் கண்டு சும்மா இருக்க முடியாது.

"என்ன காணும் உது?"

"கேம் மாஸ்ரர்."

"உமக்கு இங்கிலிஷ் விளங்குமே?"

"படம் விளங்கும்."

"அப்ப உந்தப் பாண் கடைக்காரன் உம்மட்டை என்ன கேட்டவன் எண்டு தெரியுமோ?"

"பாண் வேணுமோ எண்டு கேட்டிருப்பான்."

மாஸ்ரர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நேற்றைய காற்றில என்ரை கூரையில காத்துக்குச் சுத்துற தகரச் சேவல் எந்தப் பக்கம் திரும்பினது எண்டு கேக்கிறான் காணும்!"

அன்றைக்குத் தொடங்கியது. பம்பி அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது, ஆனால் மாஸ்ரர் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வந்துவிடுவார். பழைய ரயர் அடுக்கின் மேல் உட்காரமாட்டார், அவருக்கென்று வீட்டிலிருந்து கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். மவுஸைத் தொடமாட்டார். அது கைவேலை, அதை நான் செய்யவேண்டும். அவர் வாசிப்பார். வாசிப்பும் லேசுப்பட்டதில்லை. தபால்காரி தோளைக் குலுக்கி ஒரு சொல் சொன்னால் இவர் அதை "அச்செயல் தற்போது சாத்தியமன்று" என்பார். "ஏலாது எண்டு சொல்லுங்கோ மாஸ்ரர்" என்பேன். "மொழிபெயர்ப்பு எண்டால் முறை இருக்கு காணும்" என்பார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர், ஒரு கயிறும் தூண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் சேர்க்கத் தெரியாதவர். ஆனால் சேமித்து வைக்கிற இடத்தைக் காட்டித் தந்தது அவர்தான். அதை மறைக்கவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தோம். பிறகு துறைக் கதவு திறக்கவில்லை, ஏழு மாதம் ஓரடி நகரவில்லை.

துறைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் புல்லுக்குள் ஒரு தகரப் பேணி கிடந்தது. வட்டமானது, மூடி போட்டது, பாதி மண்ணுக்குள். நாங்கள் இரண்டு பேரும் அதை முதல் நாளே கண்டோம். கண்டும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. தபால்காரியைப் பாதையின் மற்றக் கரையால் கொண்டுபோவேன். மாஸ்ரரும் "மெல்ல, கரையால, கரையால" என்பார். மற்ற எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு பூச்சட்டி, வானத்தில் பறக்கிற குருவி. பையில் இருந்த பன்னிரண்டு பொருளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தோம். பேணியை மட்டும் தொடவில்லை.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு இந்தத் தீவுகளில் திரும்பி வந்து குடியிருந்தவர்களுக்கு வேறு எது மறந்தாலும் இது மறக்காது. கண்ணிவெடி என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை சந்திக்குச் சந்தி நின்றது. கோயிலில், பள்ளிக்கூடத்தில், படகுத் துறையில் எங்கே போனாலும் அதே பாடம். நிலத்தில் கிடக்கிற பொருளைத் தொடாதே, உதையாதே, வந்த கால் தடத்திலேயே திரும்பிப் போ. மண்கும்பான் கடற்கரையில் ஒரு நல்ல பித்தளைக் குழாயைக் கண்டு, அது எதற்கு உதவும் என்று தெரிந்தும், பார்த்துவிட்டு வந்தவன் நான். பழைய இரும்பைக் கண்டால் விடாத நான். கால் தானாக விலகும். யோசித்து விலகுவதில்லை.

ஒரு பின்னேரம் என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு இந்த விளையாட்டில் மரியாதை கிடையாது. "உந்த மனுசி இன்னும் கடிதம் குடுக்கேல்லையோ? எங்கட தபால்காரன் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அன்றைக்கு நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் உவ உந்தப் பேணியைச் சுத்திச் சுத்திப் போறா?"

மாஸ்ரர் பதில் சொன்னார். "அது கிடக்கிற சாமான் பிள்ளை. அதிலை கை வைக்கக் கூடாது."

"எதிலை? படத்திலையோ?"

"ஓம்."

"படத்துக்குள்ள கிடக்கிற பேணி வெடிச்சு இஞ்ச ஆருக்கு மாஸ்ரர் காயம் வரும்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லை. நான் அம்புக்குறியைப் பேணியின் மேல் கொண்டுபோனேன். கதிரை உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாஸ்ரர் கதவடியில் நிற்கிறார்.

"என்ன மாஸ்ரர் எழும்பிட்டியள்?"

"கால் விறைச்சுப் போச்சு காணும். நீர் அமத்தும்."

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானும் கையை முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அமத்தினேன். என் மனைவி சாட்சி. அதை அவள் இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்கிறாள்.

தபால்காரி குனிந்தாள், மூடியைத் திறந்தாள். உள்ளே கிறீஸ்.

கிறீஸ்! நான் எஞ்சின்காரன். என் நகக்கண்ணில் முப்பது வருடக் கிறீஸ் இருக்கிறது. ஒரு பேணி கிறீஸைச் சுற்றி ஏழு மாதம் நடந்திருக்கிறேன். மனைவி வெறும் தட்டை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பெரிய மனுசர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கிறீஸ் துறைக் கதவின் துருப்பிடித்த பிணைச்சலுக்குப் போய், கதவு திறந்தது. பேணியில் பாதி மிச்சம் இருந்தது. மிச்சத்தை வைத்துக்கொள், பிறகு உதவும் என்று நான் அப்போதே சொன்னேன். மாஸ்ரர் நம்பவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் துறையில் ஒரு காவல்காரன். பெரிய மீசை, வயிறு, துடைத்து மினுக்கிய பொத்தான்கள். அவனுக்குப் பின்னால்தான் படகு. அவன் கேட்பான், எங்கே போகிறாய், என்ன கொண்டுபோகிறாய். நாங்கள் பதில் சொல்லவேண்டும். அவன் "நாளைக்கு வா" என்பான்.

அந்தக் கிழமைதான் மாஸ்ரருக்குக் கனடா விசா வந்தது. ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாதத்தில், பயணம். வந்து சொல்லிவிட்டு வழக்கம்போலக் கதிரையில் இருந்தார். நானும் வழக்கம்போலக் கொம்பியூட்டரைப் போட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான், இவர் போகமுன்னம் கடிதம் போய்ச் சேரவேண்டும். அவர் போனால் எனக்கு வாசிக்க ஆள் இல்லை. தபால்காரி நான் சாகும்வரைக்கும் அந்தத் துறையில் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்பாள். படகு ஜெற்றியில், சந்தையில், எங்கும் நான் சொல்லி வைத்திருந்தேன், இதை முடிக்காமல் விடமாட்டேன் என்று. வாயைக் கொடுத்தாயிற்று.

ஐந்து கிழமை போய்விட்டது. ஒவ்வொரு நாளும் காவல்காரன் "நாளைக்கு வா" என்றான். பாண் கொடுத்துப் பார்த்தோம், வாங்கவில்லை. குடை கொடுத்தோம், சிரித்தான். ஒவ்வொரு தரமும் பதில் தெரிவுசெய்கிற நேரம் மாஸ்ரர் வாசிப்பார்: "ஒன்று, எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா, வழிவிட்டால் போய்விடுவேன். இரண்டு, எனது பத்திரங்கள் யாவும் முறைப்படி உள்ளன." ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஆமிக்காரன் மறிக்கிற சென்றியில் நின்று பதில் சொல்லிப் பழகிய ஆட்களுக்கு இதைவிட நல்ல பதில் உலகத்தில் உண்டா?

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம். மாஸ்ரர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பழக்கப்படுத்துகிறாராம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும்.

"மாஸ்ரர், உதிலை வரி மூண்டு கிடக்கு."

"ம்."

"நீங்கள் ரெண்டுதான் வாசிக்கிறியள்."

"மூண்டாவது உதவாத கதை."

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"எவ்வளவு நாளா மூண்டு வரி கிடக்கு மாஸ்ரர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் நாளிலை இருந்து கிடக்கு காணும். அது மரியாதையில்லாத கதை. ஒரு காவல்காரனுக்கு ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே?"

"என்ன சொல்லுது எண்டு வாசியுங்கோவன்."

வாசிக்கமாட்டேன் என்றார். நான் ஜெனரேற்றரை நிற்பாட்டப் போகிறேன் என்று எழும்பினேன். பிறகு வாசித்தார், தரையைப் பார்த்துக்கொண்டு: "உங்களுடைய மீசையில் ஒரு மீன்முள் தொங்குகிறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐந்து கிழமை! ஆங்கிலம் தெரிந்த மனிதர், மூன்று வரியில் ஒரு வரியை எனக்கு ஒளித்து வைத்திருக்கிறார். "நீங்கள் படிச்ச ஆள் எண்டு உங்களை நம்பி இருந்தன் மாஸ்ரர். எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தால் முதல் நாளே அமத்தியிருப்பன்!"

"அமத்தியிருப்பீரோ?" என்றார். "உண்மையாச் சொல்லும். நீர் ஒருநாளும் சென்றியிலை பகிடி விட்டனீரோ?"

எழும்பின நான் திரும்பவும் உட்கார்ந்தேன்.

"நான் ஒருக்கா விட்டனான்" என்றார். "சைக்கிளிலை போகேக்கை. பெட்டிக்குள்ள என்ன எண்டு கேட்டான். சோதினைத் தாள், எல்லாம் பெயில், வேணுமெண்டால் நீயும் திருத்து எண்டு சொன்னனான். அவனுக்கு விளங்கேல்லை. விளங்கினவன் ஒருத்தன் பக்கத்திலை நிண்டவன். அண்டைக்குப் பகல் முழுக்க வெயிலிலை நிண்டனான். தாளெல்லாம் றோட்டிலை பறந்தது. அதுக்குப் பிறகு ஒண்டும் ரெண்டும்தான்."

அவரை அடித்ததாகச் சொல்லவில்லை. நிற்கவைத்தார்களாம், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதும் குரலை இறக்கித்தான் சொன்னார், என் பட்டறையில், என்னையும் பல்லியையும் தவிர யாரும் இல்லாத இடத்தில்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு மேசையடிக்கு வந்தார். "விடும்" என்று என் கையைத் தட்டினார். ஒன்றரை வருடத்தில் முதல் தரமாக மவுஸைப் பிடித்தார். சுண்ணக்கட்டி பிடிக்கிற மாதிரி மூன்று விரலால் பிடித்தார். அம்புக்குறி மேலே போகிறது, கீழே போகிறது, வானத்துக்குப் போகிறது. மூன்றாவது வரிக்கு வர ஒரு நிமிடம் எடுத்தது. வந்ததும் அமத்தினார்.

காவல்காரன் திடுக்கிட்டான். மீசையைத் தடவினான். ஒரு பக்கம் தடவினான், மற்றப் பக்கம் தடவினான். பைக்குள் கண்ணாடி தேடினான், இல்லை. துறைக் கரையில் குனிந்து கடல் தண்ணீரில் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். வழி திறந்து கிடந்தது.

"போம் காணும், போம்! அவன் நிமிரமுன்னம் போம்!" மாஸ்ரர் என் தோளில் குத்துகிறார். நான் மவுஸைப் பறித்துத் தபால்காரியைப் படகில் ஏற்றினேன். படகு துறையை விட்டது. மாஸ்ரர் அது திரையின் ஓரத்தில் மறையும்வரைக்கும் பார்த்துவிட்டு எழும்பினார். அதற்கு மேல் இருக்க நேரமில்லை, வீட்டில் ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மிச்சத்தை நீர் பாரும்" என்றார். "அங்கை கதைக்கிற ஆக்கள் இருக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன். வெளிச்சவீடுதானே."

வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். "கதிரையை உள்ளுக்கு எடுத்து வையும். பனி பிடிக்கும்."

அவர் சொன்னது சரி. வெளிச்சவீட்டில் கதைக்கிறவர் யாரும் இல்லை. பல்லுச் சக்கரங்கள்தான் இருந்தன. பெரிய விளக்கு, அதைச் சுற்றவைக்கிற சக்கரங்கள், எல்லாம் இறுகிப்போய். பேணியில் மிச்சம் வைத்த கிறீஸ் என்னத்துக்கு என்று நான் சொன்னேனா இல்லையா? பதினொரு நாளில் முடித்தேன். விளக்கு சுற்றியது. மேல் கதவு திறந்து ஒரு கிழவி வந்தாள். தபால்காரி பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கிழவி உறையைக் கிழித்தாள். திரை முழுக்க ஆங்கிலம்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடம் சுமந்த கடிதம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

கோயில் பாதரிடம் காட்டினால் வாசித்திருப்பார். கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவர்களிடம் கேட்டிருக்கலாம், சான்றிதழ் வைத்திருக்கிறார்கள்தானே. கேட்கவில்லை. அவர்கள் அந்த ஊரில் ஒரு நாளும் நடக்காதவர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்தேன். எஞ்சின் பாகத்தை அளவெடுத்துக் கீறுகிற மாதிரி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கீறினேன். வளைவு எந்தப் பக்கம், வால் எவ்வளவு நீளம், எல்லாம் அப்படியே. இரண்டு பின்னேரம் எடுத்தது. கனடாவுக்குப் போட்டேன்.

அதற்குள் நிலைமை திரும்பவும் கெட்டுவிட்டது. தரைப்பாதையைப் பூட்டினார்கள். கப்பலில் வருகிற தபால்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு மாஸ்ரரின் பதில் வந்தது. தமிழில், நல்ல குண்டு எழுத்தில்.

கிழவியின் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதானாம்: அன்புள்ள தோழிக்கு, நான் வீடு மாறிவிட்டேன். இனி எனக்கு எழுதுவதானால் கீழ்க்காணும் விலாசத்துக்கு எழுதவும்.

இதற்கா! இதற்காகவா ஒரு பொம்பிளையைக் கிணற்றுக்கும் துறைக்கும் இரண்டு வருடம் அலைத்தான்? செய்தவன் முன்னால் வந்தால் நாலு வார்த்தை கேட்பேன். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எப்போதும் பகிடி பண்ணுகிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பின்னை, விலாசம் தெரியாட்டில் எங்கை எழுதுறது?" என்றாள். மாஸ்ரரின் கடிதத்துத் தலையிலும் அவருடைய புது விலாசம் இருந்தது. அதை வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

மாஸ்ரர் இன்னொன்றும் எழுதியிருந்தார். கனடா விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய பெட்டியில் இருந்த மிளகாய்த்தூளைக் காட்டி இது என்ன என்று கேட்டானாம். ஒன்றாவது பதில் வாய்வரைக்கும் வந்ததாம். பிறகு, "என்னுடைய மகளின் சமையலுக்கு மருந்து" என்று சொன்னாராம். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போகச் சொன்னானாம். 'மூன்றாவது வரி காணும்!' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். நாற்பது வருடம் படிப்பித்தவருக்கு யார் படிப்பித்தது? நான்.

பதில் எழுதினேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, என்றாலும் ஒரு முழுத் தாள் எழுதினேன். சக்கரம், கிறீஸ், விளக்குச் சுற்றியது, எல்லாம். காலையில் சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போனேன். வழியில் புதிதாகப் போட்ட சென்றி. மறித்தார்கள். நின்றவர் கடிதத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன?"

நல்ல பதில் ஒன்று என் நாக்கு நுனிக்கு வந்தது. உண்மையாகவே நல்ல பதில், மாஸ்ரர் கேட்டிருந்தால் கதிரையை விட்டு விழுந்திருப்பார். மறித்தவருடைய முகத்தைப் பார்த்தேன். மீசை இல்லை. தோளில் துவக்கு இருந்தது.

"கடிதம் ஐயா" என்றேன். "வேற ஒண்டுமில்லை."

"இண்டைக்குப் போக ஏலாது. நாளைக்கு வா."

நான் தோளை ஒருதரம் உயர்த்தி இறக்கினேன். சைக்கிளைத் திருப்பினேன். அடுத்த நாள் காலை அதே கடிதத்தோடு திரும்பவும் போனேன்.